நோர்வேயில் முதல் இருட்டுக்காலம்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நோர்வேக்கு வரப்போகிறீர்கள் என்றதும் ஊரில் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். குளிர் அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. கம்பளி வாங்கிப் போட்டால் பாதி தீர்ந்துவிடும், வீடும் பஸ்ஸும் கடையும் சூடாகத்தான் இருக்கும். ஆட்களை வாட்டுவது இருட்டு. அதற்கென்று கடையில் வாங்க அதிகம் ஒன்றும் இல்லை. நாளின் நேரங்களை மாற்றி அடுக்கிக்கொள்ள வேண்டும், அதையும் இருட்டு வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். டிசம்பரில் உட்கார்ந்து திட்டம் போடுகிற தெம்பு பலருக்கு இருப்பதில்லை. அதனால் இதைச் செப்டம்பரிலோ ஒக்டோபரிலோ படிப்பது நல்லது. பிந்தி வந்தவர்கள் நேரே வெளிச்சம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

உங்கள் ஊரில் எவ்வளவு இருட்டு?

நோர்வே நீளமான நாடு. தெற்கே ஒஸ்லோவில் இருப்பவரின் இருட்டும் வடக்கே துரொம்சோவில் இருப்பவரின் இருட்டும் ஒன்றல்ல. டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டி ஒஸ்லோவில் காலை 9.20 அளவில் சூரியன் எழும், பிற்பகல் 3.10 அளவில் மறைந்துவிடும். துரொண்ட்ஹைமில் காலை 10 மணி முதல் பிற்பகல் 2.30 வரைதான். துரொம்சோவில் நவம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால் அங்குள்ளவர்கள் நவம்பர் 21 முதல் ஜனவரி 21 வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தை 'மொர்க்கெதீத்' என்பார்கள். அப்போதும் இருபத்துநான்கு மணி நேரமும் கும்மிருட்டு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் வானம் நீலமாக வெளுக்கும், வானம் தெளிந்திருந்தால் தெற்குப் பக்கம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

குளிரின் கணக்கு வேறு. வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்று நினைப்போம், ஆனால் கடலோரத்தைச் சூடான கடல் நீரோட்டம் காப்பாற்றுகிறது. துரொம்சோவில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குச் சில பாகைகள் கீழேதான். உள்நாட்டுப் பள்ளங்கள்தான் கடுமையானவை. நோர்வேயில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, கழித்தல் 51.4 பாகை, 1886 ஜனவரி 1இல் ஃபின்மார்க்கின் உள்நாட்டில் உள்ள கராஷோக்கில் பதிவானது. பேர்கனுக்குப் போகிறவர்கள் பனியைவிட மழைக்குத்தான் தயாராக வேண்டும்.

கைபேசியில் 'ஈர்' செயலியைப் போட்டுவையுங்கள். வானிலை நிலையமும் நோர்வே வானொலியும் சேர்ந்து நடத்துவது, இலவசம். வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், பக்கத்தில் காற்று எவ்வளவு என்று போட்டிருப்பதையும் பாருங்கள். காற்றில்லாத கழித்தல் 12 சுகமான நடைக்கு ஏற்றது. கடலோரக் காற்றோடு வரும் கழித்தல் 3 முகத்தைக் கிழிக்கும்.

இன்னொன்று: மிக மோசமான மாதம் டிசம்பர் அல்ல, நவம்பர். ஒக்டோபரின் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், மாலை திடீரென்று காணாமல் போகும். நிலத்தில் இன்னும் பனி இல்லை, எல்லாம் ஈரமும் கறுப்புமாக இருக்கும். பனி விழுந்த பிறகு தெருவிளக்கின் வெளிச்சத்தை அது திருப்பித் தருவதால் ஊரே ஒரு படி வெளிக்கும். டிசம்பரில் யன்னலுக்கு யன்னல் நட்சத்திர விளக்கும், ஏழு திரிகள் கொண்ட மின்விளக்குத் தாங்கியும் வந்துவிடும். நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள். எந்த மதத்தவர் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஒக்டோபருக்குள் வாங்க வேண்டியவை

புதிதாக வருகிறவர்கள் முதலில் பெரிய தடித்த ஜக்கெற்றுக்குத்தான் காசை இறைப்பார்கள். நான் சொல்வேன், முதல் காசு உடம்போடு ஒட்டும் கம்பளி உள்ளாடைக்குப் போகட்டும். மெரினோக் கம்பளி என்றால் அரிக்காது. மேலும் கீழுமாக ஆளுக்கு இரண்டு சோடி இருந்தால் போதும், ஒன்றைத் துவைக்கும்போது மற்றதைப் போடலாம். அதற்கு மேல் கம்பளிச் சுவெற்றரோ ஃபிளீஸோ. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் நீரும் புகாத ஒரு மேலுறை. இந்த மூன்று அடுக்குகளில் ஒன்றைக் கழற்றலாம், ஒன்றைச் சேர்க்கலாம். ஒரே ஒரு தடித்த ஜக்கெற்றை அப்படிச் செய்ய முடியாது. சூடான பஸ்ஸுக்குள் அதற்குள் வியர்த்து, இறங்கியதும் அந்த வியர்வையிலேயே விறைப்பீர்கள். பருத்தி பெனியனை உள்ளே போடவே வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரப் பண்ணும்.

சப்பாத்து கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். தடித்த கம்பளிச் சொக்ஸ் போட்ட பிறகும் விரல்களை அசைக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இறுக்கமான சப்பாத்துக்குள் எத்தனை சொக்ஸ் போட்டாலும் கால் விறைக்கும், ஏனென்றால் சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கு உள்ளே இடமில்லை. கைக்கு, விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறையே சூடு. காதை மூடும் தொப்பி, கழுத்துக்கு ஒரு துணி வளையம். அவ்வளவுதான்.

எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை. 'ஃபின்' இணையச் சந்தையிலும் ஃப்ரெத்தெக்ஸ் கடைகளிலும் நல்ல குளிர் உடுப்புகள் பழையதாகக் கிடைக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுடையவை. ஸ்கீ, சறுக்குப் பலகை, பனிச்சறுக்குச் சப்பாத்து மாதிரியான சாமான்களை 'பூஆ' என்ற திட்டம் இலவசமாக இரவல் தருகிறது. பல நகரசபைகளில் இருக்கிறது, உங்கள் ஊரில் எங்கே என்று நூலகத்தில் கேளுங்கள்.

கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று மண்டபத்துக்குப் போகும் நாட்களில் என்ன செய்வது? சேலைக்குள்ளே கம்பளி நீள்காற்சட்டை, காலில் பனிச் சப்பாத்து, பையில் செருப்பு. மண்டபத்து வாசலில் மாற்றிக்கொள்ளலாம். இங்கே பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்.

வெளிச்சத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கண்ணுக்குள் விழும் வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரிப்படுத்துகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டுக்குள் எல்லா விளக்கையும் போட்டாலும் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய குளிர்கால மதியமாக இருந்தாலும் ஒஸ்லோவில் வெளியே அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். ஆனால் வேலைக்குப் போகிறவர் இருட்டில் வீட்டை விட்டு இறங்கி, இருட்டில் திரும்புகிறார். இடையில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் கட்டடத்துக்குள்ளேயே போய்விடுகிறது. ஆகவே மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து, இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். இங்கே மதியச் சாப்பாடு பதினொன்று, பதினொன்றரைக்கே வந்துவிடும், அது உங்களுக்கு வசதி. மேலாளரிடம் தயங்காமல் கேளுங்கள், வெளிக்காற்று வாங்கப் போகிறேன் என்பது இந்த நாட்டில் மதிப்பான காரணம். கூடவே யாராவது வருகிறேன் என்பார்கள். நோர்வேக்காரரோடு பேச்சுப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

இரவு வேலை, துப்புரவு வேலை, சமையலறை வேலை செய்கிறவர்களுக்கு இது கடினம். காலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் முதலில் தூங்குவார்கள், எழும்பும்போது பொழுது போயிருக்கும். முடிந்தால் பகல் ஒரு மணிக்குள் எழும்பும்படி தூக்கத்தை அமைத்து, எழுந்ததும் தேநீரைக்கூடப் பிறகு வைத்துக்கொண்டு வெளியே போங்கள். வேலையில்லாத நாட்களில் கடைக்குப் போவதை மாலைக்கு ஒத்திவைக்க வேண்டாம்.

வடக்கே, சூரியன் எழாத ஊர்களில் இந்த மதிய நடை போதாது. அந்த நீல வெளிச்சம் பார்க்க அழகு, ஆனால் அளவில் வீட்டு விளக்கைவிட மங்கல். நடப்பது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது, நடங்கள். கடிகாரத்தைச் சரிப்படுத்த வெளிச்ச விளக்கு ஒன்று வேண்டும். 10,000 லக்ஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில் அந்த அளவு கிடைக்கும் என்று பெட்டியில் இருக்கும். அதைவிடத் தள்ளி வைத்தால் பயன் சட்டென்று குறைந்துவிடும். காலையில் எழுந்த கையோடு, சாப்பிடும்போதோ செய்தி படிக்கும்போதோ, இருபது முப்பது நிமிடம் பக்கவாட்டில் எரியட்டும். விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. மாலையில் போடாதீர்கள், தூக்கம் கெடும். விழித்திரையில் நோய் உள்ளவர்களும், மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போகும் நோய் உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

எது மாறினாலும் எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள். சனி, ஞாயிறும் கிட்டத்தட்ட அதே நேரம். பிற்பகல் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, இருட்டிவிட்டதே என்று போர்வைக்குள் போனால் எட்டு மணிக்கு எழும்பி விடிய இரண்டு மணி வரை விழித்திருப்பீர்கள். இருட்டுக்காலத்தில் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த மாலைத் தூக்கத்தில்தான்.

வைட்டமின் டி

இது சுருக்கமான விஷயம். ஒக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால் தோல் வைட்டமின் டி தயாரிக்காது. நம்மைப் போன்ற கருந்தோல் உள்ளவர்களுக்குக் கோடையிலும் கூடுதல் வெயில் தேவைப்படும் என்பதால் கையிருப்பும் குறைவாகவே இருக்கும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் என்பது இங்குள்ள பரிந்துரை, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 20. 'த்ரான்' எனப்படும் கொட் மீனெண்ணெய் ஒரு தேக்கரண்டியில் அந்த 10 கிடைத்துவிடும். சைவக்காரர் மாத்திரை வாங்கும்போது உறை ஜெலற்றினா என்று பாருங்கள். த்ரானும் பல்வைட்டமின் மாத்திரையும் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறும். கைக்குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று உங்கள் நகரசபையின் தாய்சேய் நிலையம் சொல்லும்.

தெருவில்

கறுப்பு ஜக்கெற், கறுப்புக் காற்சட்டை, ஈரமான கறுப்புத் தார். கீழ்விளக்கோடு வரும் கார்க்காரருக்கு உங்களை 25, 30 மீற்றரில்தான் தெரியும். வெளிச்சம் பட்டால் மின்னும் 'ரெஃப்லெக்ஸ்' வில்லை ஒன்று தொங்கினால் 140 மீற்றர் தூரத்திலேயே தெரிந்துவிடும். கழுத்தடியில் குத்திக்கொள்வதில் அர்த்தமில்லை, காரின் வெளிச்சம் கீழேதான் விழும். இடுப்புக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், இரண்டு பக்கமும். பாடசாலை, வங்கி, நகரசபை என்று பலரும் இதைச் சும்மாவே தருவார்கள். பையிலும் பிள்ளையின் தள்ளுவண்டியிலும் ஒவ்வொன்று மாட்டுங்கள்.

விழுவது பற்றி. கழித்தல் 15இல் ஆட்கள் விழுவது குறைவு. பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கும் நாட்கள்தான் ஆபத்து: பகலில் உருகி, இரவில் உறைந்து, மேலே மெல்லிய புதுப்பனி தூவியிருக்கும், கீழே கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள் வளையம், 'புரொடர்', மருந்துக்கடையிலும் விளையாட்டுப் பொருட்கடையிலும் கிடைக்கும். ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருந்தால் அவர்களுக்கு முதலில் வாங்குங்கள். இடுப்பெலும்பு முறிவு வயதானவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள், ஓட்டுத் தரையில் இந்த முட்களே சறுக்கும். முள் இல்லாவிட்டால் சின்னச் சின்ன அடியாக, முன்னங்காலில் பாரத்தை வைத்து, பென்குயின் மாதிரி நடங்கள். கை பொக்கற்றுக்குள் இருக்கக் கூடாது.

சுவரோரமாக நடைபாதையில் தடியை நட்டோ நாடா கட்டியோ வைத்திருந்தால், கூரையிலிருந்து பனி விழப்போகிறது என்று அர்த்தம். மறுபக்கம் போய்விடுங்கள்.

கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளைப் புள்ளி தோன்றி உணர்ச்சி இல்லாமல் போனால், தேய்க்க வேண்டாம், பனியால் தேய்க்கவே வேண்டாம். சூடான உள்ளங்கையை அழுத்தாமல் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். விறைத்தவருக்கே இது தெரியாது, அதனால் கூட வருபவரின் முகத்தை நீங்களும் உங்கள் முகத்தை அவரும் பார்த்துக்கொள்வது வழக்கம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு: குளிர்காலத்தில் ரயரின் தடம் குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். முள் பதித்த ரயரை நாட்டின் பெரும்பகுதியில் நவம்பர் 1 முதல் போடலாம், நூர்லான், துரொம்ஸ், ஃபின்மார்க் ஆகிய வட மாவட்டங்களில் ஒக்டோபர் 16 முதல். ஒஸ்லோ போன்ற சில நகரங்களில் முள் ரயருக்குக் கட்டணம் உண்டு. கிளம்புமுன் எல்லாக் கண்ணாடியையும் முழுதாகச் சுரண்ட வேண்டும், ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சின்னத் துவாரம் போதாது.

வீட்டுக்குள்

மின்சாரச் சூடேற்றியின் மேல் ஈர உடுப்பைக் காயப்போடாதீர்கள். மூடக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், தீப்பிடிக்கும் என்பதால்தான் எழுதியிருக்கிறார்கள். உடுப்புக்குத் தனிக் கொடித்தாங்கி வாங்கிச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

நம்முடைய சமையலில் நீராவி அதிகம். குளிருகிறது என்று யன்னலே திறக்காமல் மாதக்கணக்கில் சோறும் குழம்பும் கொதிக்கவைத்தால், அந்த ஈரம் வெளிச்சுவரில் போய் ஒட்டி, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேலே உள்ள காற்றுறிஞ்சியை அடுப்பு மூட்டும்போதே போடுங்கள், தாளிக்கும்போது மட்டும் அல்ல. யன்னலை நாள் முழுக்க இலேசாகத் திறந்து வைப்பதைவிட, ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுவது மேல். காற்று மாறும், சுவரின் சூடு போகாது. வெளிச்சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காமல் ஒரு கையிடைவெளி விடுங்கள்.

டிசம்பரில் இரண்டு, மூன்று வாரம் ஊருக்குப் போகிறீர்களா? சூட்டை முழுதாக நிறுத்திவிட்டுப் போனால் குழாய் உறைந்து வெடிக்கலாம். குறைத்துவிட்டுப் போங்கள், நிறுத்த வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைப் பார்க்க இங்கே டிசம்பர் 1ஐ ஒரு நாளாகவே வைத்திருக்கிறார்கள். நீங்களும் அன்று ஒரு முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். அவசர எண்கள் மூன்று: தீ 110, பொலிஸ் 112, அம்புலன்ஸ் 113.

பிள்ளைகள்

பார்னெஹாகெயில், அதாவது பாலர் பள்ளியில், உங்கள் மூன்று வயதுப் பிள்ளையைப் பனியில் விளையாட விடுவார்கள். சின்னக் குழந்தைகளை வண்டியில் வைத்து வெளியிலேயே தூங்கவும் வைப்பார்கள். முதலில் நெஞ்சு பதறும். நன்றாக உடுத்திய பிள்ளைக்கு அது கெடுதல் அல்ல, சொல்லப்போனால் வீட்டில் அந்த வெளிச்சத்தைப் பெறுவது அவர்கள் மட்டும்தான். உங்கள் பொறுப்பு உடுப்பு: கம்பளி உள்ளாடை, மாற்றுக் கையுறை, மாற்றுச் சொக்ஸ், எல்லாவற்றிலும் பெயர். கையுறைகள் தொலைந்துகொண்டே இருக்கும், விலை உயர்ந்தவற்றைப் பார்னெஹாகெக்கு அனுப்பாதீர்கள். சூடாக இருக்கிறாரா என்று பார்க்கக் கையைத் தொட வேண்டாம், பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

மாலைகளும் ஆட்களும்

குளிர்காலத்தில் நமக்கும் இலங்கை, இந்தியாவுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் வேலை முடிந்து, சமைத்து, ஆறரைக்கு ஓய்வாக உட்காரும்போது அங்கே இரவு பதினொரு மணி. தனிமை கடிக்கிற நேரத்தில் ஊர் தூங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு சனிக்கிழமை காலையை ஊர்ப் பேச்சுக்கு ஒதுக்கிவிடுங்கள். வார நாட்களின் மாலைக்கு இங்குள்ள ஆட்கள் வேண்டும்.

நோர்வேக்காரர் குளிர்காலத்தில் கதவைத் தட்டி வர மாட்டார்கள், நீங்கள் தட்டுவதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். எல்லாம் முன்கூட்டியே நாள் குறித்து நடக்கும். அதனால் கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில், கட்டாயம் போக வேண்டிய ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள்: மொழி வகுப்பு, பாட்டுக் குழு, கோயில் பஜனை, உதைபந்து, நீச்சல் எதுவானாலும் சரி. போகப் பிடித்தால் போவேன் என்று வைத்துக்கொண்டால் ஒருநாளும் போக மாட்டீர்கள். பல நூலகங்களில் ஊழியர் இல்லாத நேரத்திலும் அட்டையைக் காட்டித் திறந்து போய் உட்காரலாம், காலையிலும் இரவிலும். சூடும் வெளிச்சமும் இலவசம், அமைதி வேறு.

காட்டோரங்களில் விளக்குப் போட்ட ஸ்கீ பாதைகள் இருக்கும், மாலையிலும் போகலாம். ஸ்கீ தெரியாவிட்டால் ஓரமாக நடங்கள். இரண்டு கோடாக வெட்டிவைத்திருக்கும் ஸ்கீத் தடத்தின் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள், அமைதியான மனிதர்களும் அதற்குக் கோபப்படுவார்கள். ஒஸ்லோவில் இருப்பவர்கள் குடும்பத்தோடு கொர்கெத்ரெக்கரென் போகலாம். ஃப்ரொங்நர்செத்தெரனில் இருந்து மித்ஸ்தூவன் வரை ஏறக்குறைய 2 கிலோமீற்றர் சறுக்குப் பலகையில் இறங்கி, முதலாம் இலக்க நகர ரயிலில் மறுபடி மேலே வரலாம்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, தூக்கம் கூடிவிட்டது அல்லது போய்விட்டது, சும்மா அழுகை வருகிறது என்றால் அதைக் குளிர்காலம்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பெயரில் ஒதுக்கிய குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள். இருட்டுக்கால மனச்சோர்வை 1984லேயே மருத்துவம் ஒரு நோயாக விவரித்துவிட்டது, அவருக்கு இது புதிதல்ல. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பின்னேரங்களில் வைத்தியரைத் தேடினால் 116 117. பேச ஒருவர் வேண்டும் என்றால் 116 123. என்னுடைய சொந்தக் கருத்து ஒன்று: ஊருக்கே திரும்பிவிடலாம், வேலையை விட்டுவிடலாம் என்ற முடிவுகளை ஜனவரியில் எடுக்காமல் ஏப்ரலில் எடுங்கள்.

ஜனவரிக்குப் பிறகு

டிசம்பர் நடுப்பகுதிக்குப் பின் மாலைகள் மெல்ல நீளத் தொடங்கும், காலைகள் மாத இறுதி வரை இன்னும் இருட்டிக்கொண்டே போகும். ஆகவே காலையைப் பார்த்து மனம் தளராமல் மாலையைப் பாருங்கள். துரொம்சோவில் ஜனவரி 21ஐ ஒட்டிச் சூரியன் மலைக்கு மேலே தலைகாட்டும் நாளைக் கொண்டாடுவார்கள், 'சூல்பொல்லெர்' என்ற பொரித்த பணிகாரம் சாப்பிடுவார்கள். நம் பொங்கல் அதற்கு ஒரு கிழமை முன்னால் வருகிறது. சூரியனே இல்லாத ஊரில் சூரியனுக்குப் பொங்குவது விசித்திரம்தான், ஆனால் வேலைத்தலத்துக்குக் கொஞ்சம் கொண்டுபோனால் எதற்காக என்று விளக்க வேண்டியிருக்காது.

மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் ருயுக்கான் நகரத்துக்குச் செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை நேரடி வெயில் கிடையாது. 1928இல் ஊர்க்காரரை வெயிலுக்கு ஏற்றிச் செல்லவே கம்பித்தேர் ஒன்று கட்டினார்கள். 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நட்டு, வெயிலைச் சந்தைச் சதுக்கத்துக்குத் திருப்பினார்கள். குளிர்கால விடுமுறையில் போய்ப் பார்க்கத் தகுந்த ஊர்.

பெப்ரவரி, மார்ச்சில் வெயிலும் பனியும் சேர்ந்து கண்ணைக் கூசும். கறுப்புக் கண்ணாடி வாங்குங்கள். புரொடரை வெயிலைக் கண்டதும் உள்ளே வைக்காதீர்கள், மார்ச்சில் காலையில் தெரு உறைந்துதான் இருக்கும். ஏப்ரலில் கம்பளி எல்லாவற்றையும் கம்பளிக்கான சலவைத்தூளில் துவைத்து, அந்துப்பூச்சி நுழையாதபடி இறுக்கிக் கட்டி வையுங்கள். பிள்ளைகளின் சப்பாத்தையும் மேலுறையையும் அதே மாதம் விற்றுவிட்டு, ஓர் அளவு பெரியதை மலிவு விற்பனையில் வாங்கிக்கொள்ளலாம். படுக்கையறைக்கு இருட்டுத் திரைச்சீலையும் அப்போதே மாட்டிவிடுங்கள். மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சமாக இருக்கும்போது பிள்ளைகள் தூங்க மாட்டோம் என்று நிற்பார்கள்.